தலையில் அடிபட்டவருக்குப் படுக்கை மட்டும் மருந்தா?

2019-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ந் தேதி. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன் எடுத்திருந்தபோது, ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து அவருடைய கழுத்தில் தாக்கியது. தரையில் சாய்ந்தவர் எழுந்து வெளியே போனார். பரிசோதனைக்குப் பிறகு அன்றே திரும்பி வந்து 92 ரன் வரை ஆடினார். ஆனால் மறுநாள் காலை தலைவலியும் மந்தமும் தெரிந்தன. டாக்டர்கள் அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் மட்டை பிடித்தார். மூளை அதிர்வுக்காக டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒருவருக்கு மாற்று ஆள் இறங்கியது அதுவே முதல் தடவை. அதற்கு இடந்தரும் விதி அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்தது. அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. அதற்கடுத்த மான்செஸ்டர் டெஸ்டில் ஆடி 211 ரன் எடுத்தார்.

விளையாட்டுச் செய்தியாக இதை நம்மில் பலரும் படித்திருப்போம். ஆனால் இது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. தலையில் அடிபட்ட ஒருவர் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும், எப்போது எழுந்து நடமாட வேண்டும், எப்போது பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், அதுவரை அவருடைய இடத்தை யார் காப்பது என்ற கேள்விகள் இதில் அடங்கியிருக்கின்றன. சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்பவருக்கும், லாரியில் மூட்டை ஏற்றுபவருக்கும், கவுண்ட்டரில் கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. அவர்களுக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை.

இந்தியச் சாலைகளில் 2022-ம் ஆண்டில் மட்டும் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. கட்டட வேலையில் விழுந்தவர்கள், வீட்டு மாடிப்படியில் சறுக்கியவர்கள், ரயில் கூட்ட நெரிசலில் கதவுக் கம்பியில் மோதிக்கொண்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பலத்த அடி என்றால் ஆஸ்பத்திரி கவனித்துக்கொள்ளும். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களே அதிகம். அவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஸ்கேனில் தெரியாத காயம்

மூளை அதிர்வு என்பதை டாக்டர்கள் "கன்கஷன்" என்கிறார்கள். தலையிலோ, கழுத்திலோ, உடம்பிலோ விழுந்த அடியின் வேகத்தால் மண்டைக்குள் மூளை குலுங்கிப் போவதே இது. மண்டை உடைவதோ ரத்தம் கசிவதோ இதில் இல்லை. மூளைச் செல்களின் உப்புச் சமநிலை சிறிது காலம் குலைகிறது. அதைச் சரிசெய்யச் செல்களுக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமோ குறைகிறது. செலவு ஏறி வரவு இறங்கிய குடும்பத்தைப் போல மூளை சில நாட்கள் திண்டாடுகிறது.

இதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுப்பது உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். படம் சுத்தமாக இருப்பதனால் காயமே இல்லை என்று அர்த்தமாகாது. அடிபட்டவர் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூளை அதிர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, கவனம் நிற்காமை, மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை இதன் அடையாளங்கள். பெரியவர்களில் அநேகருக்கு இரண்டு வாரத்திலும், சிறுவர்களுக்கு நான்கு வாரத்துக்குள்ளும் சரியாகிவிடும். ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இரண்டு தவறுகள்

மும்பையில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில் இந்தக் காயத்துக்கு இரண்டு விதமான வைத்தியம் நடக்கிறது. இரண்டும் தவறு.

முதலாவது, மறுநாளே வேலைக்குப் போவது. நான் வேலை பார்க்கும் நிலையத்துக்கு அருகே மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளி, பலகை விழுந்து தலையில் அடிபட்ட மறுநாளே நாக்காவில் வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். நின்றால்தான் கூலி என்றார். மூன்றாம் நாள் மூட்டையோடு படியில் தடுமாறி விழுந்தார். முதல் அடியின் அதிர்வு தீருமுன் இரண்டாவது அடி பட்டால் குணமாக நெடுநாள் பிடிக்கும். இளவயதினருக்கு, அபூர்வமாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வருவதுண்டு. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இரண்டாவது, மாதக்கணக்கில் இருட்டறையில் படுத்துவிடுவது. தாராவியில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாரத்திலிருந்து சறுக்கி விழுந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "நன்றாக ரெஸ்ட் எடுங்கள்" என்ற ஒரே வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆறாவது வாரம் நான் பார்க்கப் போனபோது ஜன்னலில் போர்வை தொங்கியது.

"டாக்டரு படுத்துக் கிடன்னுட்டாரு தம்பி. வீட்டுல வெளிச்சம்கூட விடமாட்டேங்காவ. எந்திரிச்சா தலை சுத்துது. சுத்துதேன்னு திரும்பவும் படுக்கேன்" என்றார்.

அவருடைய மனைவி குறுக்கிட்டு, "நடக்க விட்டா ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி" என்றார். அன்பினால் செய்த காவல்தான் அது. ஆனால் அந்தக் காவலே நோயை நீட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐம்பது ஆண்டுக் கதை

ஓய்வா, இயக்கமா என்ற விவாதம் மருத்துவ உலகில் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1972-ம் ஆண்டிலேயே பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்த ஒரு பரீட்சையின் முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. மூளை அதிர்வோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 178 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு நோயின் தன்மையை விளக்கிச் சொல்லி, பயத்தைப் போக்கி, சீக்கிரம் எழுந்து நடமாட ஊக்கப்படுத்தி, உடற்பயிற்சிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். வழக்கமான பிரிவினர் வேலைக்குத் திரும்பச் சராசரியாக 32 நாட்கள் ஆயின. எழுப்பி நடக்க வைத்த பிரிவினருக்கு 18 நாட்களே ஆயின. தொழிலாளியின் கணக்கில் இது இரண்டு வாரக் கூலி.

2002-ம் ஆண்டில் நெதர்லாந்தில் இன்னொரு பரீட்சை நடந்தது. சிலரை ஆறு நாட்கள் முழுப் படுக்கையில் வைத்தார்கள். சிலரை வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது படுக்கையில் கிடந்தவர்களுக்கு எந்த அனுகூலமும் காணப்படவில்லை.

ஆனால் இதற்கிடையில் விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் வேறு வழியில் போனார்கள். 2001-ல் வியன்னாவில் கூடிய முதலாவது சர்வதேச மாநாடு, தொந்தரவுகள் முற்றிலும் தீரும்வரை ஓய்வு என்ற கொள்கையை வகுத்தது. தலைக்காயத்தை அலட்சியப்படுத்தி, விழுந்த வீரரை உடனே மைதானத்துக்கு அனுப்பும் கெட்ட வழக்கத்தைத் தடுக்க அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நாளடைவில் "முற்றிலும் தீரும்வரை" என்ற சொற்றொடரைச் சிலர் எல்லை மீறி எடுத்துக்கொண்டார்கள். படிக்காதே, பேசாதே, வெளிச்சம் பார்க்காதே என்று இளைஞர்களை இருட்டறையில் அடைத்தார்கள்.

இந்தக் கொள்கையை அசைத்தது 2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்திலிருந்து வந்த ஆராய்ச்சி. 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கடும் ஓய்வு. மற்றவர்களுக்கு ஓரிரண்டு நாள் ஓய்வு, அதன்பின் படிப்படியாக நடமாட்டம். கடும் ஓய்வெடுத்தவர்களே அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். அவை தணிய அதிக நாட்களும் ஆயின. அடுத்த ஆண்டு கனடாவில் 2,413 சிறுவர்களையும் இளைஞர்களையும் கவனித்து எழுதிய அறிக்கையில், முதல் வாரத்துக்குள் உடலை அசைக்கத் தொடங்கியவர்களிடம் ஒரு மாதத்துக்குப் பின்னும் தொந்தரவு நீடிப்பது குறைவாக இருந்தது.

2019-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 13 முதல் 18 வயது வரையுள்ள 103 பேரை எடுத்துக்கொண்டு, எந்த நாடித் துடிப்பில் தலைவலி அதிகமாகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். அந்த அளவில் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டாமல் ஒரு பிரிவினரைத் தினம் 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். மற்றொரு பிரிவினர் கைகால் நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். முதல் பிரிவினர் 13 நாட்களிலும் மற்றவர்கள் 17 நாட்களிலும் குணமடைந்தார்கள். மருந்துக்கு அளவு இருப்பதுபோல் நடைக்கும் அளவு உண்டு என்று இந்தப் பரீட்சை காட்டியது.

இவற்றின் பயனாக, 2016-ல் பெர்லினில் கூடிய மாநாடு ஓய்வை 24 முதல் 48 மணி நேரத்துக்குச் சுருக்கியது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி 2023-ல் அறிக்கை வெளியிட்ட மாநாடு இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொந்தரவுகள் முற்றிலும் தீரும்வரை கடும் ஓய்வு என்பதில் பயன் இல்லை. முதல் இரண்டு நாள் "அளவான ஓய்வு" போதும். அந்த இரண்டு நாளிலும் வீட்டுக்குள் நடமாடலாம், அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ளலாம். பிறகு நடை முதலான பயிற்சியைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை இளைஞர்களையும் விளையாட்டு வீரர்களையும் வைத்து நடந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நாற்பது வயதுத் தொழிலாளிக்கு நாள் கணக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை ஒன்றுதான். பெரியவர்களை வைத்து நடந்த ஹெல்சிங்கிப் பரீட்சையும் அதே திசையைத்தான் காட்டியது.

படுக்கை ஏன் கெடுக்கிறது?

இரண்டு மூன்று வாரம் படுத்தே இருந்தால், அடிபடாத நல்ல உடம்புக்கும் எழுந்தவுடன் தலை சுற்றும். ரத்த ஓட்டம் நின்ற நிலைக்குப் பழக மறந்துவிடுகிறது, தசைகள் தளர்கின்றன. பகலில் தூங்கினால் இரவில் தூக்கம் வராது, தூக்கம் கெட்டால் தலைவலி வரும். வேலை என்னாகுமோ, வட்டி என்னாகுமோ என்ற கவலை வேறு. அறைக்குள் தனித்துக் கிடக்கும் மனிதன் தன் தலையையே கவனித்துக்கொண்டிருப்பான். இப்படி ஓய்வினால் வரும் தொந்தரவும் அடியினால் வந்த தொந்தரவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நோயாளியோ "இன்னும் குணமாகவில்லை" என்று மேலும் படுக்கிறார். நமது மேஸ்திரி சொன்னதும் இதைத்தான்.

மாதம் கடந்தும் தலைசுற்றலும் கழுத்து வலியும் நீடித்தால், அதற்கும் படுக்கை பரிகாரம் ஆகாது. தலையை உலுக்கிய அடி கழுத்துத் தசைகளையும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையும் பாதித்திருக்கலாம். கனடாவின் கால்கரியில் நடந்து 2014-ல் வெளியான சிறு பரீட்சை ஒன்றில், கழுத்துக்கும் சமநிலைக்கும் உரிய பிசியோதெரபி பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப டாக்டர் அனுமதி கிடைத்தது. அது பெறாதவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கே கிடைத்தது. ஆகவே பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள பிசியோதெரபி பிரிவை எலும்பு முறிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது.

நடை வேறு, டியூட்டி வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "படுக்காதே" என்று மருத்துவம் சொல்வதை "உடனே வேலைக்கு வா" என்று முதலாளிகள் மொழிபெயர்த்துக்கொள்ளக் கூடாது. தரையில் நடப்பது சிகிச்சை. சாரத்தில் ஏறுவது சிகிச்சை அல்ல. தலை சுற்றும் மனிதனை ஏணியில் ஏற்றுவதும், பளு தூக்க வைப்பதும், ஓடும் இயந்திரத்தின் முன் நிறுத்துவதும், வண்டி ஓட்டச் சொல்வதும் ஆபத்து. இவை யாவும் டாக்டர் பார்த்துச் சம்மதித்த பின்பே.

அதேபோல், அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் ஓய்வு உண்மையிலேயே தேவை. அந்த நாட்களில் செல்போனையும் டெலிவிஷனையும் ஒதுக்கி வைப்பது நல்லது. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் மூன்றரை நாளிலும், தவிர்க்காதவர்கள் எட்டு நாளிலும் குணமடைந்தார்கள். வீட்டில் சும்மா இருக்கிறோம் என்று நாள் முழுதும் போன் பார்ப்பது ஓய்வாகாது. மது அறவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் கடையில் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது.

கீழ்க்கண்ட அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் ஓய்வா, நடையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்: தலைவலி மேலும் மேலும் அதிகமாதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் வலுவிழத்தல், இரண்டு கண்மணிகளில் ஒன்று பெரிதாகத் தெரிதல், மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற திரவம் வடிதல். வயதானவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் லேசான அடியானாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் தூங்கலாம், தூக்கம் நல்லது. முதல் நாள் இரவு பக்கத்தில் ஒருவர் இருந்து கவனித்துக்கொண்டால் போதும்.

படிப்படியாக என்றால் எப்படி?

வேதனையைப் பூஜ்யம் முதல் பத்து வரை அளந்துகொள்ளச் சொல்கிறார்கள் நிபுணர்கள். நடக்கத் தொடங்குமுன் தலைவலி மூன்று என்று வைத்துக்கொள்வோம். நடக்கும்போது அது நான்கு அல்லது ஐந்தாகி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. மறுநாளும் நடக்கலாம். ஆறுக்கும் ஏழுக்கும் போனாலோ, வெகுநேரம் தணியாவிட்டாலோ அன்று அத்துடன் நிறுத்தி, மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறிது வலி வந்தாலே மூளை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

நமது வாழ்க்கைக்கு இதை இப்படிப் பொருத்திப் பார்க்கலாம். மூன்றாம் நாளிலிருந்து சாலின் வராந்தாவில் அல்லது நெரிசலில்லாத தெருவில் பத்துப் பதினைந்து நிமிட நடை. அது சுலபமானதும் இருபது நிமிட வேக நடை. அதற்குப் பின் மார்க்கெட் போய் வருவது, சிறு வீட்டு வேலைகள். குமாஸ்தாவானால் அரை நாள் ஆபீஸ், மணிக்கொரு தரம் திரையை விட்டுப் பத்து நிமிடம் விலகுதல், நெரிசல் இல்லாத நேரத்து லோக்கலில் பயணம். பிறகு முழு நாள். கொத்தனாரானால் முதலில் தரைமட்ட வேலை, கணக்குப் பார்த்தல், சாமான் எண்ணுதல். பிறகு லேசான பூச்சு வேலை. கடைசியாகத்தான் சாரம். விளையாட்டு வீரர்களுக்கு இத்தகைய ஆறு படிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தொழிலாளியின் படிகளை அவரவர் டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நடுவில் இடமில்லாத சட்டம்

இவ்வளவும் தெரிந்த பின்பும் நம்மவர்களால் இப்படி நடந்துகொள்ள முடியுமா? இதுதான் உண்மையான பிரச்னை.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டில் 91 நாட்கள் வரை கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால், வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் 90 பங்கு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தும் வேலையோடு தொடர்புடையதானால் இதில் அடங்கும் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. இவை நல்ல உரிமைகள். விபத்து நடந்த அன்றே அதை ரிஜிஸ்தரில் எழுதச் சொல்லாமல் இந்த உரிமையை இழந்தவர்கள் பலர். ஆனால் இந்த உதவி முழு லீவுக்குத்தான். அரை நாள் வேலை பார்த்து அரை நாள் ஓய்வெடுப்பவருக்கு அதில் வழியில்லை. ஒன்று படுக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு வேலை பார்க்க வேண்டும். மருத்துவம் எந்த இடத்தில் குணம் இருக்கிறது என்று சொல்கிறதோ, அந்த நடு இடம் சட்டத்தில் இல்லை.

ரயில்வேயில் எங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. சிக் லிஸ்டில் இருப்பவர் சிக், ஃபிட் சர்டிபிகேட் பெற்றவர் ஃபிட். கம்யூட்டட் லீவு எடுத்தால் ஒரு நாளுக்கு இரண்டு அரைச் சம்பள லீவு கழியும். லீவு தீர்ந்துபோகிறதே என்று ஓடி வருபவர்களும் உண்டு, லீவு இருக்கிறதே என்று படுத்துக் கிடப்பவர்களும் உண்டு. லேசான வேலை கொடுப்பது மேலதிகாரியின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருக்கிறது.

நாக்காவில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கோ இதில் எதுவும் இல்லை. அவருக்கு இரண்டு நாள் ஓய்வென்பதே இரண்டு நாள் பட்டினி. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளத் தகுதி இருந்தும், ஊர் மாறி ஊர் மாறி வேலை பார்ப்பதால் பதியாமலும் புதுப்பிக்காமலும் விட்டவர்கள் நம்மவர்களில் ஏராளம். இதை நமது சங்கங்கள் தங்கள் ஆண்டு விழா வேலைகளுக்கு நடுவே கொஞ்சம் கவனிக்கலாம்.

வேறு வழி இல்லாமலில்லை. பிரிட்டனில் 2010-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நோய்ச் சான்றிதழின் உருவத்தையே மாற்றிவிட்டார்கள். "வேலைக்குத் தகுதியில்லை" என்பதோடு, "இன்ன ஏற்பாடு செய்தால் வேலை பார்க்கலாம்" என்று டாக்டர் குறிக்கவும் அதில் இடமுண்டு. படிப்படியாக வேலைக்குத் திரும்புதல், வேலை நேரத்தை மாற்றுதல், வேலையின் தன்மையை மாற்றுதல், இடத்தில் வசதி செய்துகொடுத்தல் என்று நான்கு கட்டங்கள். டாக்டர் டிக் அடித்தால் முதலாளி யோசித்தாக வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு காகிதம் வருவதற்கு வெகுகாலம் ஆகலாம். ஆனால் டாக்டரிடம் "எத்தனை நாள் ரெஸ்ட்? எப்போது நடக்கலாம்? எந்த வேலை கூடாது?" என்று மூன்று கேள்வி கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் வாயால் கெஞ்சுவதற்கும் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

நமது மேஸ்திரியின் கதை நல்லபடியாகவே முடிந்தது. ஏழாவது வாரம் அவரை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஜன்னல் போர்வையை எடுக்கச் சொன்னதுதான் அவர் எழுதிய முதல் மருந்து. அடுத்தது காலை நடை. முதல் வாரம் தெருமுனை வரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்காவது வாரம் பழைய கான்ட்ராக்டரிடம் தரைமட்ட வேலைக்குப் போனார். சாரம் ஏற இரண்டு மாதம் ஆயிற்று. கான்ட்ராக்டர் நல்லவராக இருந்ததால் இடம் காத்திருந்தது. இல்லாதிருந்தால் குணமாகியும் வேலை இருந்திராது.

மைதானத்தில் விழுந்தவருக்கு மாற்று ஆள் இறங்கலாம் என்று 2019-ல் விதி எழுதினார்கள். அதனால் அடிபட்ட வீரர் அணிக்காக வலியை மறைக்கத் தேவையில்லாமல் போயிற்று. சாரத்திலிருந்து விழுந்தவருக்கும் அதுவே தேவை. முதல் இரண்டு நாள் ஓய்வுக்குக் கூலி, அதன்பின் சில வாரம் லேசான வேலை, திரும்பி வரும்வரை அவருடைய இடம். இந்த மூன்றும் இல்லாதவரை, டாக்டர்கள் எத்தனை மாநாடு கூடி எவ்வளவு நல்ல ஆலோசனை சொன்னாலும், நம்மவர்களில் ஒரு பாதிப்பேர் மறுநாளே மூட்டை தூக்குவார்கள், மறுபாதிப்பேர் போர்வை தொங்கும் ஜன்னலுக்குப் பின்னால் கிடப்பார்கள்.